நகானோவில் ஒரு சின்ன கேமரா

வீட்டு பீரோவின் மேல்தட்டில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், என் பெரிய கேமரா எட்டு வருஷமாகக் குடியிருக்கிறது. லென்ஸ் இரண்டு, தோள்பை ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஐந்தாறு. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து, கொஞ்சம் வெளிச்சம் காட்டி, திரும்ப உள்ளே வைப்பேன். கொலுப் பொம்மைக்குச் செய்கிற மரியாதைதான். கடைசியாக அதில் படம் எடுத்தது ஒரு கல்யாண வரவேற்பில். அந்த மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

2024 நவம்பரில் அலுவலக வேலையாக டோக்கியோ போகவேண்டி வந்தது. வேலை முடிந்ததும் சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் மிஞ்சும். சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் பேன்ட் பையிலாவது அடங்குகிற கேமரா ஒன்றை அங்கேயே, அதுவும் பழையதாக, வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

போன் இருக்கிறதே, அது போதாதா? படம் போதும். ஆனால் படம் எடுக்கப் போனை வெளியே எடுத்தால் அலுவலகக் குழுவில் நாலு செய்தி வந்து நிற்கும். பதில் போட்டு நிமிர்வதற்குள் பார்க்கவந்த வெளிச்சம் போயிருக்கும். எனக்குப் படம் மட்டும் எடுக்கிற ஒரு பொருள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். காம்பேக்ட், அதாவது பையில் அடங்கும் சின்ன கேமரா, வாங்கப் போகிற யாருக்கும் இதைச் சொல்வேன்: விமர்சன வீடியோக்களைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு வருஷமாக நீங்களே எடுத்த படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எந்த லென்ஸ், எத்தனை ஜூம் என்று பதிந்திருக்கும். என்னுடைய 412 படங்களில் முந்நூற்றுச் சொச்சம் ஜூம் செய்யாமல், போனின் முதன்மை லென்ஸில் எடுத்தவை. அதாவது 26, 28 மில்லிமீட்டர் பார்வை: எதிர் நாற்காலியில் இருப்பவர், அவருடைய காபி, பின்னால் ஜன்னல் என்று மூன்றும் சேர்ந்து விழுகிற அகலம். ஜூம் போட்டவை நாற்பதுகூடத் தேறவில்லை. அதிலும் பாதி கோபுரத்து உச்சிப் புறாக்கள். புறா ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

அதுவரை என் பட்டியலின் தலையில் இருந்தது பானசோனிக்கின் டிஇஸட்100. 25-லிருந்து 250 மில்லிமீட்டர் வரை இழுக்கும், கண் வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் உண்டு, அப்படியும் கோட்டுப் பைக்குள் போய்விடும். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அருமையான பொருள். ஆனால் என் கணக்குப்படி அந்த ஜூமுக்குக் கொடுக்கிற காசு புறாக்களுக்குக் கொடுக்கிற காசு. அடித்துவிட்டேன்.

அடுத்து சென்சார், அதாவது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு. கடையில் மெகாபிக்சலைச் சொல்வார்கள். கேட்கவேண்டியது சென்சாரின் அளவை. மலிவான காம்பேக்ட்களில் இருப்பது ஏறக்குறைய 6-க்கு 4.5 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 'ஒரு இஞ்ச்' சென்சார் என்பார்களே, அது உண்மையில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு இஞ்ச் கிடையாது. ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்லும் சதுர அடி மாதிரி. பெரிய கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.7-க்கு 15.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பரப்பில் அந்தச் சுண்டுவிரல் நகத்தைப்போல் பதின்மூன்று மடங்கு. சாயங்காலத்திலும் வீட்டு விளக்கிலும் எடுக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் நேராகப் படத்தில் தெரியும்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று சோனி ஆர்எக்ஸ்100-இன் மூன்றாவது மாடல், 2014-இல் வந்தது. ஒரு இஞ்ச் சென்சார், 24-70 மில்லிமீட்டர் ஜூம், மூலையிலிருந்து பொம்மை போல எழும்பும் வ்யூஃபைண்டர், 290 கிராம். இன்னொன்று ரிக்கோ ஜிஆர் வரிசை. ஏபிஎஸ்-சி சென்சார், 28 மில்லிமீட்டரில் நிலையான லென்ஸ், ஜூம் கிடையாது. 1996-இல் ஜிஆர்1 என்ற பிலிம் கேமராவாகத் தொடங்கிய பரம்பரை. ஷின்ஜுகு தெருக்களைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தே பேர் வாங்கிய டைடோ மோரியாமா கையில் இருப்பதும் இந்த வகைதான். ஃபுஜி எக்ஸ்100விஐ நல்ல கேமராதான். ஆனால் அதன் விலைக்கும் அப்போதைய காத்திருப்போர் பட்டியலுக்கும் ஒரு கும்பிடு. தவிர, அது பேன்ட் பையில் போகாது.

நண்பன் இருப்பது நிஷி-கசாயில். டோக்கியோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதி. ரயில் நிலையத்தில் இறங்கினால் தமிழ் காதில் விழ ஐந்து நிமிஷம் ஆகாது. அங்கிருந்து தோசாய் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் நகானோவில் இறங்கலாம். நகானோ என்றால் பொம்மைக்கும் காமிக்ஸுக்கும் வருகிறவர்கள்தான் அதிகம். 1966-இல் கட்டிய பிராட்வே என்ற பழைய வணிக வளாகத்தில் அவர்கள் தொலைந்துபோவார்கள். எனக்கு வேண்டியது அதைச் சுற்றிய சந்துகளில் இருக்கும் பழைய கேமராக் கடைகள்.

உள்ளே போனதும் ஒரு ஆச்சரியம். 2005 வாக்கில் வந்த, நம் வீடுகளில் பேட்டரி உப்பிப்போய்க் கிடக்கும் சின்னச் சின்ன வெள்ளிநிறக் கேமராக்களைப் பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் தங்க நகை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் படத்தின் நிறம் இப்போது நாகரிகம். 2010-இல் ஆண்டுக்கு 10 கோடிக்கு மேல் விற்ற காம்பேக்ட்கள் 2023-இல் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. புதிதாகச் செய்வதைக் கம்பெனிகள் ஏறக்குறைய நிறுத்திவிட்ட பிறகு ஆசை திரும்பியிருக்கிறது. அதனால்தான் பழைய கேமராவின் விலை ஏறுகிறது.

சோனியைக் கையில் வாங்கியதும் முதல் சிக்கல். மெனு முழுக்க ஜப்பானிய மொழி. ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று தேடினால் அப்படி ஒரு இடமே இல்லை. ஜப்பான் சந்தைக்கென்று வரும் சோனி கேமராக்களில் அந்த ஒரு மொழி மட்டும்தான் என்று நண்பன் சொன்னபோது நான் நம்பியிருக்கவில்லை. வெளிநாட்டு மாடலைத் தனியாக விற்கிற கடைகள் உண்டு, விலை வேறு. சரி, படம் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் ஞாபக சக்தி எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜிஆர் மூன்றாம் மாடலில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு, ஃபிளாஷ் கிடையாது. 2015-இல் வந்த இரண்டாம் மாடலில் நேர்மாறு: நடுக்கத்துக்கு ஒன்றும் இல்லை, ஆனால் குட்டி ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது. விலையில் நல்ல வித்தியாசம். இரண்டாவதைக் கேட்டேன்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கறுப்பு வெல்வெட் தட்டில் கேமராவை வைத்து இரண்டு கையாலும் நகர்த்தினார். விலைச்சீட்டில் 'ரியோஹின்' என்று இருந்தது. நல்ல நிலையில் உள்ளது என்று பொருள். அதற்கு மேலே 'பிஹின்', அழகு குலையாதது. நான் விலையைப் பார்த்துத் தலையாட்டுவதற்குள் அவரே பேனா டார்ச்சை எடுத்து லென்ஸுக்குள் அடித்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினேன். "உள்ளே குப்பை இருக்கிறது" என்று வந்தது. எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது: லென்ஸுக்குள் போன தூசிக்கும் தெருவில் கொட்டுகிற குப்பைக்கும் அவர்களுக்கு ஒரே சொல், 'கோமி'.

அவர் ஒரு வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் வாயை, 16 வரை குறுக்கி, ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே வலதுபக்கம் இரண்டு சாம்பல் புள்ளிகள், மிளகுப்பொடி தூவியதுபோல. லென்ஸ் வாய் திறந்திருக்கும்போது தெரியாத தூசி, வாயைக் குறுக்கினால் நிழலாக விழும். லென்ஸைக் கழற்ற முடிகிற கேமராவென்றால் ஊதி எடுத்துவிடலாம். இதில் கழற்ற முடியாது. சென்சாரில் தூசி உட்கார்ந்தால் சர்வீஸ் சென்டரில் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போதெல்லாம் காற்றை இழுக்கிற எந்தக் காம்பேக்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. பையில் நேராகப் போடாமல் சின்ன உறை ஒன்றில் போடுவது அதற்குத்தான். பழைய காம்பேக்ட் வாங்கப் போனால் இந்த வெள்ளைத்தாள் சோதனையை மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்றை எடுத்துவந்தார். ஒரு மூலையில் பெயின்ட் போய் உலோகம் தெரிந்தது, அதனால் ஒரு படி கீழே, விலையும் குறைவு. வெள்ளைத்தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? மெனுவில் ஆங்கிலமும் இருந்தது. 70,000 யென் சொச்சம், நம் கணக்கில் 40,000 ரூபாய்க்குள். பாஸ்போர்ட்டைக் காட்டியதால் 10 சதவீத வரி கழிந்தது. சுற்றுலா விசாவில் போகிறவர்கள் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் கேட்டுப் பாருங்கள். சுங்கத்துக்கு அப்போது வரம்பு 50,000 ரூபாய் என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

திரும்பும்போது சந்தோஷத்தில் பலகையைப் பார்க்காமல் ரேப்பிட் வண்டியில் ஏறிவிட்டேன். அது நிஷி-கசாயில் நிற்காது. உராயாசுவில் இறங்கி, எதிர் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, பேட்டரியில் மிச்சம் இருந்த உயிரை வைத்துக் கேமராவை நோண்டினேன். ஸ்னாப் ஃபோகஸ் என்ற விஷயத்தை அங்கேதான் கண்டுபிடித்தேன். தூரத்தை 2 மீட்டர் என்று முன்பே சொல்லிவைத்துவிட்டால், பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கும்போது கேமரா எதையும் தேடாமல் அந்தத் தூரத்துக்கே படம் எடுத்துவிடும். அப்பர்ச்சர் 8-இல் இருந்தால் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாம் தெளிவாக விழும். இரண்டு வண்டிகளைப் போகவிட்டு அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யானகா. 1923 பூகம்பத்திலும் பிறகு போர்க்காலக் குண்டுவீச்சிலும் பெரிதாக அடிபடாமல் தப்பிய பகுதி. பழைய மரவீடுகள், கோயில்கள், ஒரு பெரிய கல்லறைத் தோட்டம். பூனைகளுக்குப் பேர்போன இடம் என்றார்கள். நான் பார்த்தது இரண்டு, ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. நிப்போரி நிலையத்திலிருந்து நடந்தால் 'யூயாக்கே டான்டான்' என்ற படிக்கட்டு வரும், அந்திவெயில் படி என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும் என்பதால் நாலு மணிக்கெல்லாம் கூட்டம் நின்றுவிட்டது.

கறுப்பு-வெள்ளையை அதிகக் கான்ட்ராஸ்ட்டில் தருகிற ஒரு முறை இந்தக் கேமராவில் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் அதிலேயே எடுத்தேன். குப்பைத்தொட்டியும் சைக்கிளும் மகா சோகமாகத் தெரிந்தன. யாரோ ஒருவருடைய கையெழுத்தைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்ததால் கலருக்கு மாறிவிட்டேன்.

நன்றாக வந்த படம் ஒன்றே ஒன்று. படிக்கட்டுக்குக் கீழே, கறிக்கடைக்கு முன்னால், ஒரு பாட்டி குடையை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றபடி பையிலிருந்து சில்லறையை உள்ளங்கையில் எண்ணுகிறார். இடுப்பளவில் கேமராவைப் பிடித்து அமுக்கினேன். முகம் தெரியாது, கையும் காசும் குடைக்காம்பும்தான். அந்த ஊரில் கேட்காமல் முகத்தை எடுப்பதை விரும்பமாட்டார்கள், எனக்கும் அது கூச்சம். பெரிய கேமராவைத் தூக்கியிருந்தால் அந்தப் பாட்டி நிமிர்ந்து பார்த்திருப்பார்.

இரவு நண்பன் வீட்டில் அவன் பெண் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த பதினொரு படத்தில் பத்து கலங்கல். நடுக்கத்தைச் சமாளிக்கும் மாடலை விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் ஓடுகிற பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, நம் கை நடுங்குவதைத்தான் அது தடுக்கும். கடைசியில் ஃபிளாஷை எழுப்பிவிட்டு ஸ்னாப் ஃபோகஸில் எடுத்ததும் சரியாக வந்தது: வாயில் பாதி இட்லி, காற்றில் ஒரு ஜடை.

சென்னையில் இறங்கியபோது இரவு பன்னிரண்டரை. அப்பா அழைத்துப்போக வந்திருந்தார், ஆட்டோ ஏற்பாடு செய்துகொண்டு. வெளிக்கதவைத் தாண்டியதும் அவரை ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தேன். டோக்கியோ குளிரில் இருந்துவிட்டு, விமானத்து ஏசியிலும் ஊறி வந்த லென்ஸ், நம் ஊர் மழைக்காலக் காற்று பட்ட அடுத்த நொடி பால் ஊற்றினமாதிரி வெளுத்துவிட்டது. துணியால் துடைத்தால் மறுபடி படியும். தானாகச் சூடாகும்வரை காத்திருக்கவேண்டும். பத்து நிமிஷம் ஆகும் என்றேன்.

"போன்ல எடுத்தா ஆகாதாடா? ஆட்டோக்காரர் நிக்கிறார்" என்றார் அப்பா.

அந்த மூட்டத்தோடேயே அமுக்கிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். விளக்கெல்லாம் பஞ்சு மிட்டாயாக உப்பியிருக்கிறது. நடுவில் அப்பா இருக்கிறார் என்பது பெட்டியைப் பிடித்திருக்கும் கையை வைத்துத்தான் தெரிகிறது.