பூட்ட மறந்தேனா, பூட்டினதை மறந்தேனா

இங்கிலீஷ்ல ஒரு வெர்புக்கு பின்னாடி இன்னொரு வெர்ப் வந்தா அதுக்கு டு போடணுமா இல்ல இங் ஒட்டணுமான்னு கேட்டா, வழக்கமா கையில குடுக்கறது ஒரு நீள லிஸ்ட்தான், இதுக்கெல்லாம் இன்ஃபினிட்டிவ் (டு போடறது), அதுக்கெல்லாம் ஜெரண்ட் (இங் ஒட்டறது), மனப்பாடம் பண்ணிக்கோன்னு. லிஸ்ட் வேணாம்னு சொல்லல, ஆனா அதுல ஆரம்பிக்கறது எனக்கு சரியாப் படல, ஏன்னா இதுல ரொம்ப குழப்பற பகுதிய நாம தமிழ்ல தினமும் தப்பே இல்லாம பேசிட்டு இருக்கோம்.

ஃபர்கெட் எடுத்துக்கோங்க. "ஐ ஃபர்காட் டு லாக் த டோர்"னா கதவு இன்னும் திறந்து கிடக்கு. "ஐ ஃபர்காட் லாக்கிங் த டோர்"னா பூட்டியாச்சு, அந்த நினைப்புதான் இல்ல. தமிழ்ல சொல்லிப் பாருங்க, "பூட்ட மறந்துட்டேன்", "பூட்டினதை மறந்துட்டேன்". ரெண்டும் ஒண்ணுன்னு யாராவது சொல்லுவாங்களா? (பேச்சுல "ஃபர்காட் லாக்கிங்" அவ்வளவா வராது, "ஃபர்காட் தட் ஐ ஹேட் லாக்ட்"னு போயிடுவாங்க, ஆனா "ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் ஹர்" மாதிரி இடத்துல தாராளமா வரும்.) ரிமெம்பரும் அப்படியே, பூட்ட ஞாபகம் வச்சுக்கோன்னா டு லாக், பூட்டினது ஞாபகம் இருக்குன்னா லாக்கிங்.

ஸ்டாப்ல இன்னும் தெளிவு. அவர் பேசறதுக்காக நின்னார்னா "ஹி ஸ்டாப்ட் டு டாக்", பேசறதை நிறுத்தினார்னா "ஹி ஸ்டாப்ட் டாக்கிங்". எனக்கு ரொம்ப பிடிச்சது ட்ரை தான். "ட்ரை டு ஓபன் த விண்டோ"ன்னா திறக்க முயற்சி பண்ணு, ஜன்னல் இறுகிப் போயிருக்கு, திறக்குமான்னே தெரியாது. "ட்ரை ஓபனிங் த விண்டோ"ன்னா திறந்து பாரு, திறக்கறது கஷ்டமில்ல, திறந்தா புழுக்கம் குறையுதான்னு பாக்கணும், அவ்வளவுதான். அந்த "பாரு" செய்யற வேலைய அங்க இங் செய்யுது.

இதுக்கு ஒரு காரணமும் இருக்கு. பழைய இங்கிலீஷ்ல இந்த டு, ஒரு இடத்தை நோக்கிப் போறதை சொல்ற அதே டு தான், வெர்ப் பெயர்ச்சொல் மாதிரி வேற்றுமை உருபு ஏத்துக்கிட்டு அதுக்கு பின்னாடி வரும், நம்ம "செய்யறதுக்கு" மாதிரின்னு வச்சுக்கலாம். அதனாலதான் வான்ட், ஹோப், டிசைட், பிளான்னு இனிமே நடக்கப் போறதைப் பாக்கற வெர்புங்க பெரும்பாலும் டு கேக்குது. பெரும்பாலும் தான், முழுசா இல்ல. கன்சிடர், சஜஸ்ட் ரெண்டும் வரப்போறதைத்தான் பேசுது, ஆனா இங் தான் வேணும், "ஐ சஜஸ்டட் லீவிங் அர்லி". இங்க எந்தக் காரணமும் கை குடுக்காது, படிச்சுப் படிச்சு காதுல ஏறினாத்தான் உண்டு.

தமிழ் காலை வாரிவிடற இடமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். "எனக்கு படிக்க பிடிக்கும்"னு நினைச்சுட்டே மொழிமாத்தினா "ஐ என்ஜாய் டு ரீட்"னு வந்து நிக்கும், அது தப்பு, "என்ஜாய் ரீடிங்" மட்டும்தான். லைக்குக்கு ரெண்டும் ஓகே. அவாய்ட், ஃபினிஷ், மைண்ட் எல்லாம் என்ஜாய் கூட்டம், இந்த சின்ன கூட்டத்துக்கு மட்டும் லிஸ்ட் போட்டு வச்சுக்கலாம்.

இன்னொண்ணு, "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ"ன்னு மெயில் முடிக்கறவங்க ஏராளம். டு கண்ணுல பட்டதும் கை தானா வெறும் வெர்பை டைப் பண்ணிடுது. அந்த டு ப்ரெபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற சொல், அதுக்கு பின்னாடி இங் தான் வரும், "டு மீட்டிங் யூ". சந்தேகம் வந்தா டுக்கு அப்புறம் இட் போட்டுப் பாருங்க, "லுக் ஃபார்வர்ட் டு இட்" சரியா நிக்குது, அப்ப இங். "டிசைடட் டு இட்" நிக்கல, அப்ப வெறும் வெர்ப். யூஸ்ட் டுவும் இதுலயே பிரிஞ்சிடும், "ஐ யூஸ்ட் டு வேக் அப் அர்லி"ன்னா முன்னாடி எல்லாம் சீக்கிரம் எழுந்திருப்பேன், இப்ப இல்ல, "ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அர்லி"ன்னா சீக்கிரம் எழுந்து பழகிடுச்சு.