பி0562 வந்தவுடன் ஈசிஎம்மில் கை வைக்காதீர்கள்

வண்டியின் கோளாறு கோட்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி0560, பி0561, பி0562, பி0563 என எது வந்தாலும் "ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போச்சு" என்று சொல்லிவிடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு, பி0563 என்றால் அதிகம், பி0561 என்றால் நிலையாக இல்லை, பி0560 பொதுவான கோளாறு. நான்குமே ஈசிஎம் கொடுக்கும் புகார்கள். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. தன் கப்ளருக்கு (ஒயர்கள் வந்து மாட்டும் இணைப்பி) எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் தெரியும். தேடவேண்டிய இடம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

எரர் கோட் அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேமை, அதாவது கோட் விழுந்த நேரத்தில் பதிவான விவரங்களைப் பாருங்கள். கிராங்க் அடிக்கும்போது விழுந்ததா, 2,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது விழுந்ததா என்பதிலேயே பாதி வழி தெரிந்துவிடும். கூடவே யூ வரிசைக் கோட்கள் (மாட்யூல்கள் எனும் வண்டியின் கன்ட்ரோல் பெட்டிகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததைச் சொல்பவை) நாலைந்து வந்திருந்தால் அவற்றைத் துரத்த வேண்டாம். வோல்டேஜ் சரிந்தால் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்துவது இயல்பு.

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி புளோயர் இரண்டையும் போட்டு, மல்டிமீட்டரை பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வையுங்கள். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் இடையே களிம்பு பிடித்திருப்பது தெரியாமல் போகும். அதே நேரத்தில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கன்ட்ரோல் மாட்யூல் வோல்டேஜைப் பாருங்கள். இரண்டுக்கும் 0.2, 0.3 வோல்ட் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரிங், ரிலே, எர்த் பக்கம் போங்கள். இரண்டும் சேர்ந்தே குறைவாக இருந்தால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும். ஒன்று கவனம்: போனோடு இணைக்கும் மலிவான இஎல்எம்327 அடாப்டர் தானாகக் காட்டும் வோல்டேஜ் ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 16ஆம் பின்னில் வருவது, ஈசிஎம் பார்ப்பது அல்ல.

பேட்டரியை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் ஹெட்லைட் போட்டு அணைத்தபின் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 இருந்தால் பாதிதான், முதலில் சார்ஜ் போடுங்கள். கிராங்க் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி மீதோ செல்ஃப் மோட்டார் மீதோ சந்தேகம். ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை வழக்கம். ஆனால் பேட்டரி சென்சார் வைத்த புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரை ஈசிஎம்மே கட்டுப்படுத்துகிறது. சீராக ஓடும்போது 12.8 காட்டினாலும் அது கோளாறு இல்லை. பிரேக் பிடித்து வேகம் குறையும்போது 14க்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் நிறைய. மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்தால் பேட்டரியில் 0.5க்கு மேல் காட்டுகிறதா? ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருக்கிறது, பி0561க்கு அது ஒரு காரணம்.

இனி வோல்டேஜ் டிராப், அதாவது ஒயரிலும் இணைப்பிலும் வழியில் தொலையும் வோல்ட். பெரும்பாலான வண்டிகள் மாட்டுவது இங்கேதான். கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளக்க வேண்டும். கழற்றினால் லோடு போய்விடும், லோடு இல்லாமல் டிராப் வராது. சிவப்பு முனையை ஈசிஎம் எர்த் பின்னிலும் கறுப்பை பேட்டரி நெகடிவ் கம்பத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு சிவப்பை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலும், கறுப்பை மெயின் ரிலேயிலிருந்து (ஈசிஎம்முக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஈசிஎம்முக்கு வரும் சப்ளை பின்னிலும் வையுங்கள்.

ஒரு கணக்கு: பேட்டரியில் 14.2, ஈசிஎம்மில் 13.1 என்று வைத்துக்கொள்வோம். தொலைந்தது 1.1. எர்த் பக்கம் 0.1 என்றால் மீதி 1.0 சப்ளைப் பக்கம். ரிலேயின் 30, 87 கால்களுக்கு (கரண்ட் உள்ளே வரும், வெளியே போகும் கால்கள்) குறுக்கே அளந்தால் 0.8 வருகிறது. அந்த ரிலேயை உடைத்துப் பார்த்தால் கான்டாக்ட் கருகி, குழி விழுந்திருக்கும். செலவு ரிலே விலையோடு முடிந்தது.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாததால், ஒரே ஒரு நூலிழை மிச்சமிருக்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும். ஈசிஎம்மைக் கழற்றிவிட்டு, மெயின் ரிலேயை இழுக்க வைத்து, கப்ளரின் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பைக் கொடுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால் ஒயர் பொய் சொல்கிறது. பின் துளைக்குள் தடித்த முனையைத் திணிக்காதீர்கள், துளை விரிந்து புதுக் கோளாறு வரும்.

கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு வந்த வண்டியா? என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் தேடுங்கள். மாட்ட மறந்திருப்பார்கள், இல்லையென்றால் பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள். கிராங்க் அடிக்கும்போது என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகடிவ்வுக்கும் நடுவே 0.2, 0.3ஐத் தாண்டினால் அந்தப் பாதை சரியில்லை. சுரண்டி வெறும் இரும்பு தெரிந்தபின் முடுக்குங்கள்.

பி0563 குறைவாகவே வரும். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் போயிருக்கலாம், அது வோல்டேஜைப் பார்க்கும் சென்ஸ் ஒயரில் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கலாம். சென்ஸ் ஒயர் கெட்டால் ரெகுலேட்டர் குறைவாகப் பார்த்து அதிகமாகக் கொடுக்கும். லாரியின் 24 வோல்ட்டில் ஜம்ப் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழைய பழக்கம் இங்கே ஆபத்து. அந்தக் கணத்தில் எழும் அதிர்ச்சி பல பத்து வோல்ட் போகும், நன்றாக இருந்த ஈசிஎம்மும் அதில் போய்ச் சேரலாம்.

பேட்டரி, எர்த், ரிலே எல்லாம் சரி, ஆனால் பி0641, பி0642 மாதிரி வருகிறது என்றால் அது 5 வோல்ட் ரெஃபரன்ஸ், அதாவது சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் சப்ளை. ஒரே லைனில் பல சென்சார்கள் தொங்குவதால், ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். 5 வோல்ட் ஒயரில் மீட்டரை வைத்தபடி சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏசி பிரஷர் சென்சாரை விட்டுவிடாதீர்கள், அது இதே லைனில் இருப்பதை யாரும் நினைப்பதில்லை. எதைக் கழற்றும்போது 5 திரும்புகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லையென்றால் ஈசிஎம் கப்ளரிலேயே அந்த ஒயரைப் பிரித்து, பின்னில் நேராக அளந்து பாருங்கள். அங்கேயும் 5 இல்லை, சப்ளையும் எர்த்தும் பல்பு சோதனையில் தேறிவிட்டன என்றால் ஈசிஎம்மைத் திறக்கலாம்.