துணைக்கு நிற்பவர்

மட்டக்களப்பில் தாதி உத்தியோகத்தராகப் பணியேற்ற முதலாவது ஆண்டில், நான் கடமையாற்றிய வைத்தியசாலையின் பெண் நோயாளர் விடுதியில், யன்னலோரக் கட்டிலில், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். பாரிசவாதத்தால் அவருடைய இடப்பக்கம் முடங்கியிருந்தது. மகள் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாள். மருமகனோ வயல் வேலையை விட்டுவிட்டு நாள்தோறும் வாவியைக் கடந்து வர இயலாதவர். பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றி உறவினர் கூடியிருக்க, அவர் மட்டும் கூரையைப் பார்த்தபடி கிடப்பதைப் பொறுக்க மாட்டாமல், சம்பளம் கிடைத்த அன்று நூறு ரூபாவை மடித்து அவருடைய தலையணைக்கு அடியில் வைத்தேன். அவர் அதை வலக்கையால் எடுத்து என்னிடமே நீட்டினார். "காசு வேணாம் புள்ள, கொஞ்ச நேரம் இதில இரி" என்றார். ஊசி ஏற்ற வேண்டியவர்கள் இன்னும் பலர் இருந்தனர். நான் இருக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் இறந்தபோதும் அருகில் எவரும் இருக்கவில்லை.

அந்த நூறு ரூபாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போட்டேன். அது அவருக்கு உரியது என்பதும், அவர் கேட்டது அதுவல்ல என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தன.

நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அதனால்தானோ என்னவோ, பணத்தால் தீராத குறைகள் எவை என்பது அங்கே மிகத் தெளிவாகத் தெரியும். பாரிசவாத நோயாளி ஒருவருக்குச் சாப்பாடு கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். அவரை நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால் ஊட்டி, ஒவ்வொரு வாயும் விழுங்கப்பட்டதா என்று பார்த்த பின்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு சுவாசப்பைக்குள் இறங்கி நியூமோனியாக் காய்ச்சலில் முடியும். ஊட்டியவுடன் படுக்க வைக்கவும் கூடாது. ஒருவருக்கே அரைமணி நேரத்துக்கு மேல் செல்லும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிவிடாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். இரவுக் கடமையில் விடுதி முழுவதற்கும் இரண்டு மூன்று தாதியரே நிற்கும்போது, துணைக்கு ஆளில்லாத நோயாளிக்கு இவையெல்லாம் எப்படிக் கிடைக்கும்? இந்த வேலைக்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை. பொறுமையும் நேரமும் உள்ள ஒருவர் போதும்.

எங்கள் விடுதியில் சிற்றூழியராக இருந்த ஓர் அக்காவிடமிருந்தே இதை நான் கற்றேன். கடமை முடிந்து சீருடையை மாற்றிய பின்னரும் அவர் உடனே வீட்டுக்குப் போகமாட்டார். துணையில்லாத கட்டில் எதுவெனப் பார்த்து, ஒருவருக்குத் தலைவாரி விடுவார். இன்னொருவருக்கு நகம் வெட்டி விடுவார். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வைத்தியர் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் வயோதிபர்களை, எங்களில் ஒருவரிடம் கூட்டிவந்து விளக்கம் கேட்டுக் கொடுப்பார். அவருடைய சம்பளம் எங்களுடையதைவிடக் குறைவு. தம்முடைய சபையில் வெளியிடப்படும் நன்கொடையாளர் பட்டியலில் அவருடைய பெயர் ஒருபோதும் வந்ததில்லை.

நல்ல சமாரியன் உவமையை அவரைப் பார்த்த பிறகுதான் நான் சரியாக வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் அந்த மனிதன் முதலில் கிட்டே வருகிறான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டுகிறான். தன் சொந்த வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கிறான். இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரனிடம் கொடுப்பது மறுநாளில்தான். அப்போதும் திரும்பி வருவேன் என்ற வாக்கையும் சேர்த்தே கொடுக்கிறான். பல ஆண்டுகளாக நான் அந்த இரண்டு பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, முதல் நாளின் வேலையைச் செய்யாமல் விட்டிருந்தேன். 1814 இல் இங்கு வந்து ஓராண்டும் நிறையுமுன்னரே, 1815 இல், இந்த மண்ணிலேயே இறந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியாரை மட்டக்களப்புக் கிறிஸ்தவர்கள் இன்றும் நினைவுகூருகின்றனர். கடற்பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்த அவர், வந்த இடத்தில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்தார். அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். மட்டக்களப்புக் கரையோரத்து ஊர்களான நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லடியையும் கடல் அள்ளிக்கொண்டு போன அந்தக் காலையிலிருந்து எத்தனை நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை என்பது நினைவில்லை. பின்னர் லொறிகளில் வந்த உதவியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அரிசியும் பால்மாவும் மருந்தும் உயிர்களைக் காத்தன. ஆயினும் எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாத உடுப்புகள் முகாம்களின் வாசலில் மழையில் நனைந்து குவிந்து கிடந்த அதே நாட்களில், தன் இரண்டு பிள்ளைகளைத் தேடி வந்த ஒரு தகப்பனுடன் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களினூடே நடப்பதற்கு ஆளில்லாமல் இருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அருட்சகோதரி ஒருவர் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிச் சென்றார். ஒவ்வொரு துணியாக விலக்கியவர் அந்தச் சகோதரியே. வெளியே வந்த பின், அந்த மனிதர் தண்ணீர் கேட்கும் வரை அவருடன் மண்ணில் அமர்ந்திருந்தார்.

பணம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. வெல்லாவெளியிலிருந்து கிளினிக்குக்கு வரும் ஒருவருக்குப் பஸ் காசு இல்லையென்றால், அதைக் கொடுப்பதே அன்றைய இரக்கம். என்னை வருத்துவது வேறொன்று. கொடுப்பதற்குப் பணம் இல்லாதவர் கொடுக்க ஒன்றுமே இல்லாதவர் என்ற எண்ணத்தை நாங்கள் அறியாமலேயே சபைக்குள் வளர்த்துவிட்டோம். அறுவடைத் திருநாள் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரங்களுக்கு எடுப்பவருக்குக் கைதட்டுகிறோம். அதே நேரத்தில் மாதச் சந்தா நிலுவையான ஒரு விதவை, கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கத்தில் ஆராதனைக்கு வராமலே விடுகிறாள். தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட வேதாகமத்து ஏழை விதவையைப் பற்றிப் பிரசங்கிக்கும் சபையில் இது நடப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பின் அந்தப் பெண்ணைத் தேடி அவருடைய வீட்டுக்குப் போனேன். தையல் தொழில் செய்பவர். சந்தாவைப் பற்றி நான் பேசவில்லை. துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுடன் இருப்பதற்கு நானும் இன்னும் மூன்று பெண்களும் வாரத்தில் சில நாட்கள் போவதாகவும், மேற்பார்வைத் தாதியிடம் அனுமதி பெற்றிருப்பதாகவும் சொன்னேன். தனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். சோறு ஊட்டத் தெரியும்தானே என்றேன். முதல் நாள் அவர் அமர்ந்தது ஏறாவூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மூதாட்டியின் கட்டிலருகே. ஒரு கிண்ணக் கஞ்சியை ஊட்டி முடிக்க நாற்பது நிமிடம் எடுத்தார். முடிந்ததும் சும்மா இருக்காமல் அந்த உம்மாவின் கிழிந்திருந்த தலைச்சீலையின் ஓரத்தைத் தைத்துக் கொடுத்தார்.

இருட்டுவதற்கு முன் நாங்கள் வாசலுக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றோம். அவர் வீதியைப் பார்த்தபடி, "அக்கா, அடுத்த புதன்கிழமைக்கும் எனக்கு உள்ள போற துண்டு எடுத்துத் தருவீங்களா? அவவுக்குக் காலையிலதான் நல்லாப் பசிக்குதாம், நான் நேரத்தோட வாறன்" என்றார்.