பத்மநாபபுரம் அரண்மனை: அரை மணியில் ஓடிப் பார்க்கிற இடமா இது?

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடலாம். குமரி மாவட்டத் தக்கலை பேருந்து நிலையத்திலிருந்து அரண்மனை சுமார் 2 கிலோமீட்டர்தான். "போக வர, வெயிட்டிங்" என்று ஆட்டோவில் கேட்கும் தொகைக்கு நாலு பேர் மீன்சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். ஒருவழிக்கு மட்டும் பேசி ஏறுங்கள், இல்லையா, நடந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை போகவே வேண்டாம். 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது, திங்கள் விடுமுறை. மதியம் 1 முதல் 2 வரை அடைத்துவிடுவார்கள். 9 மணிக்கே உள்ளே போனால் டூரிஸ்ட் பஸ் கூட்டம் வருமுன் பாதி முடிந்துவிடும். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும்; உச்சி வெயிலில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது.

பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், எல்லோரும் குதிரை விளக்கைப் படமெடுத்துவிட்டு மாடிக்கு ஓடுகிறார்கள். அண்ணாந்து பாருங்கள் ஐயா! கூரைப் பலகையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

மேலே மந்திரசாலை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) ஆலோசனை நடத்திய அறை. சன்னலில் கண்ணாடி கிடையாது, மைக்காத் தகடு. சாய்த்துச் செருகிய மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகின்றன. வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே குளுகுளு. தரை இன்னும் முகம் காட்டுகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்தது என்கிறார்கள். நம் வீட்டு டைல்ஸ் பத்து வருஷத்தில் பல்லிளிக்கிறது!

ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் காலத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உண்ணலாம். தாய்க் கொட்டாரம் (தாய் அரண்மனை)தான் இருப்பதிலேயே பழையது. அங்கே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைத் தவறவிடாதீர்கள். படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு. முட்டிவலிக்காரர்கள் உப்பரிகை மாளிகைப் படியில் நிதானமாக ஏறுங்கள். கடைசியில் வரும் நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல். அதுவரை மரமே பார்த்த கண்ணுக்கு அது வேறு ஊர்.

நாகர்கோவிலுக்குத் திரும்புகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டையையும் பார்த்துவிடலாம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. இறந்தது 1777. கல்லில் லத்தீனோடு தமிழும் உண்டு. பசித்தால் தக்கலையிலேயே மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அரண்மனை வாசல் கடைகளில் எல்லாமே விலை கூடுதல்.