செபுவின் குழந்தை இயேசு

பிலிப்பைன்ஸில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நிற்பான். சிவப்பு வெல்வெட் அங்கி, தலையில் கிரீடம், காலில் பூட்ஸ், இடது கையில் உலக உருண்டை. ஜீப்னி என்ற அந்த ஊர்ச் சிற்றுந்தின் ஓட்டுநர் கண்ணாடிக்கு முன்னாலும் அவன்தான். சாந்தோ நின்யோ என்பார்கள். நமக்குக் குழந்தை இயேசு. இத்தனை சுரூபங்களுக்கும் மூலமான ஒன்று செபு நகரத்துப் பேராலயத்தில் இருக்கிறது. அந்த நாட்டிலேயே மிகப் பழைய கிறிஸ்தவச் சுரூபம் அது. அதைத் தரிசிக்கத்தான் மணிலாவிலிருந்து செபுவுக்கு விமானம் ஏறினேன்.

பேராலயத்துக்கு வெளியே, சதுக்கத்தின் ஓரமாக, எட்டுப் பட்டையாக ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. உள்ளே மகெல்லன் நட்ட சிலுவை. சுற்றுலா வழிகாட்டிகள் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். உண்மையில் நாம் பார்ப்பது உறையைத்தான்: பழைய சிலுவையின் மரம் நோய் தீர்க்கும் என்று நம்பி ஆளாளுக்குச் சீவி எடுத்துப் போனதால், மிச்சமிருப்பதை டிண்டலோ மரத்தால் ஆன இன்னொரு சிலுவைக்குள் வைத்து மூடிவிட்டார்கள் என்று அடியில் பொறித்திருக்கிறது. விட்டத்தில் ஞானஸ்நானக் காட்சியை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கும் கூட்டம் நிறைய. எனக்கு அங்கே செபம் பண்ணத் தோன்றவில்லை, மியூசியத்துக்குள் நிற்பது போலத்தான் இருந்தது.

ஆனால் அந்த விட்டத்துச் சித்திரத்தின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போனால் சுரூபத்தின் அருமை புரியாது. 1521 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் மன்னருக்காகக் கடலோடிய போர்ச்சுகீசியரான மகெல்லன் முன்னிலையில் செபுவின் ராஜா உமாபோன் ஞானஸ்நானம் பெற்றார், பெயர் கார்லோஸ் ஆனது. அவருடைய ராணிக்கு ஹுவானா என்று பெயரிட்டார்கள். கப்பலில் கூடவே வந்து எல்லாவற்றையும் குறித்துவைத்த இத்தாலியர் பிகாஃபெட்டா, ராணிக்கு ஒரு மரக் குழந்தை இயேசுவைக் காட்டியதையும், அவள் மனம் கசிந்து அழுது ஞானஸ்நானம் கேட்டதையும், பின்னர் அந்தக் குழந்தையை அவளுக்கே கொடுத்துவிட்டதையும் எழுதியிருக்கிறார். அன்று ஆண், பெண், குழந்தைகள் என்று சுமார் 800 பேர் திருமுழுக்குப் பெற்றார்களாம்.

ராணி அழுததை நான் நம்புகிறேன். ராஜாவைப் பற்றி அவ்வளவு நிச்சயமில்லை. எதிரே மக்தான் தீவில் லாப்புலாப்பு என்ற தலைவர் அடங்க மறுத்துக்கொண்டிருந்தார். பீரங்கி வைத்திருக்கும் விருந்தாளியின் சாமியைக் கும்பிடுவதில் உமாபோனுக்கு லாபம் இருந்தது. இந்த உமாபோனின் பாட்டனார் ஸ்ரீ லுமாய் சோழ வம்சத்து இளவரசர், பாதித் தமிழர் என்று ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வரும். செபுவில் அப்படி ஒரு வாய்மொழிக் கதை இருப்பது உண்மைதான். கல்வெட்டோ செப்பேடோ அதற்கு ஆதாரமாகக் கிடையாது. கதையாகக் கேட்டு ரசிக்கலாம், மார்தட்ட வேண்டாம்.

ஞானஸ்நானம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 27 அன்று மக்தான் கரையில் லாப்புலாப்புவின் ஆட்களிடம் மகெல்லன் செத்துப்போனார். மே 1 அன்று அதே உமாபோன் மிச்சமிருந்த ஸ்பானியர்களை விருந்துக்கு அழைத்தார். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. தப்பித்தவர்கள் பாயை விரித்து ஓடிவிட்டார்கள். குழந்தை மட்டும் தங்கிவிட்டது. அதன்பின் 44 வருடம் செபுவில் பாதிரியார் இல்லை, பூசை இல்லை.

1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் கப்பல்கள் வந்தன. சண்டையில் ஊர் எரிந்தது. மறுநாள், ஏப்ரல் 28, எரிந்த குடியிருப்புகளுக்கு நடுவே தப்பி நின்ற ஒரு வீட்டில் ஹுவான் காமுஸ் என்ற கப்பல்காரர் ஒரு மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே குழந்தை இயேசு. பேராலயம் நிற்பது அந்த இடத்தில்தான் என்கிறார்கள். முதலில் கட்டிய கோயில்கள் தீக்கிரையாக, இப்போதுள்ள கல் கட்டடம் 1730களில் எழுந்தது. 2013 அக்டோபர் 15 நிலநடுக்கத்தில் இதன் மணிக்கூண்டு சரிந்து விழுந்தது. இப்போது திரும்பக் கட்டிவிட்டார்கள். புதுக் கல் எது பழைய கல் எது என்று உற்றுப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

நான் போனது வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிதான் விசேஷம், காலையிலிருந்து திருப்பலிமேல் திருப்பலி. கோயிலுக்குள் இடம் போதாமல் எதிரே திறந்தவெளி அரங்கம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், அதுவும் நிரம்பி வழிந்தது. சுரூபத்துக்கான வரிசை தனி. தூண்களை ஒட்டி மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கையில் பரீட்சை நுழைவுச்சீட்டு. பின்னால் ஒரு கப்பல் மாலுமி. வெளிநாட்டுக் கப்பலில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். யாரிடமோ விடைபெறுவது போலத்தான் சொன்னார்.

பீடத்துக்கு இடப்பக்கம், குண்டு துளைக்காத கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. சுமார் 30 சென்டிமீட்டர் உயரம்தான், ஆனால் உடுப்பின் கனத்தில் பெரிதாகத் தெரிகிறது. கரிய முகம், கொஞ்சம் குறும்பு. எல்லோரும் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து அதை நெற்றியிலும் கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார்கள். நானும் ஒற்றிக்கொண்டேன். பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்த வேண்டுதல்கள் ஒன்றும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. காவலர் கையசைத்தார், நகர்ந்தேன்.

இந்தக் குழந்தையைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகள் எனக்கு வரலாற்றைவிடப் பிடித்திருந்தன. ராத்திரியில் பெட்டியைவிட்டு இறங்கி ஊர் சுற்றப் போவானாம். காலையில் பார்த்தால் அங்கியில் புல்முள் ஒட்டியிருக்குமாம். அந்த 44 வருடத்தில் மழை பொய்த்தால் கடலுக்குத் தூக்கிப் போய் முக்கி எடுப்பார்களாம், மழை கொட்டுமாம். இன்னொரு கதையில் மகெல்லனே கிடையாது. ஒரு மீனவர் வலை வீச, பாதி கருகிய ஒரு கட்டை மாட்டுகிறது. தூக்கிக் கடலில் எறிகிறார். அடுத்த வீச்சிலும் அதே கட்டை. எத்தனை முறை எறிந்தாலும் திரும்பி வருகிறது. அலுத்துப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்து போட, அது குழந்தையாகிறது. சுரூபம் ஐரோப்பாவில், பெல்ஜியம் பக்கத்துப் பாணியில் செதுக்கியது என்று வல்லுநர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். கொடுத்தவனைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டு, பிள்ளையைத் தங்கள் கடலிலேயே கண்டெடுத்துக்கொண்ட அந்த மீனவக் கதைதான் இந்த ஊரின் பக்தியை எனக்கு விளக்கியது. அந்நியன் பரிசு என்ற நினைப்பே அங்கே யாருக்கும் இல்லை.

வெளியே வந்தால் மெழுகுவர்த்திப் பெண்கள். மஞ்சளும் சிவப்புமாக உடை, பெரும்பாலும் வயதானவர்கள். மெழுகுவர்த்தி வாங்கினால் நமக்காக ஆடி வேண்டிக்கொள்வார்கள். நான் ஒருவரிடம் போய், அந்த ஊர் வழக்கப்படி "நாங்" என்று கூப்பிட்டேன், நம் அக்கா மாதிரி. யாருக்காக என்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். கோயில் பக்கம் திரும்பி, கையில் மெழுகுவர்த்திகளை அசைத்தபடி, இரண்டடி முன்னால் ஓரடி பின்னால் என்று ஆடத் தொடங்கினார். செபுவானோ மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டே போய் "பிட் சென்யோர்!" என்று குழந்தையைக் கூவி அழைத்தார். நடுவில் என் அம்மாவின் பெயர் வந்தது. அவர் உச்சரித்த அழகில் எங்கள் பங்குச் சாமியாருக்குக்கூட அது யார் என்று தெரிந்திருக்காது. குழந்தைக்குத் தெரிந்திருக்கும்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு இதே அடிகளை நகரமே ஆடும். சினுலோக் திருவிழா. அதற்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள், படகுப் பவனி எல்லாம் உண்டு. தொலைக்காட்சியில் காட்டும் அந்த மாபெரும் நடன அணிவகுப்பு 1980இல் தொடங்கியதுதான்; மெழுகுவர்த்திக்காரர்களின் ஆட்டம் அதைவிட மிகப் பழையது. இறகும் ஜிகினாவுமாக வரும் அணிவகுப்பைப் பார்க்க எனக்குப் பெரிய ஆசையில்லை. நவநாளின்போது ஒரு தடவை போக வேண்டும்.

பக்கத்தில் சான் பெத்ரோ கோட்டை, முக்கோண வடிவம், நிழல் தரும் மரங்கள். அரை மணி நேரம் போதும். அப்புறம் பாலம் தாண்டி மக்தான் தீவு.

மகெல்லன் விழுந்த இடத்தை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். ஸ்பானியர்கள் 1866இல் மகெல்லனுக்கு எழுப்பிய கல் கோபுரம் ஒருபுறம். அதே வளாகத்தில், வாளும் கேடயமுமாக லாப்புலாப்புவின் வெண்கலச் சிலை, சுமார் 20 மீட்டர் உயரம். ஊரின் பெயரே லாப்புலாப்பு நகரம். 1941இல் அரசு வைத்த கல்வெட்டு, மகெல்லன் இங்கே இறந்தார், அவருடைய கப்பல்களில் ஒன்று உலகைச் சுற்றி முடித்தது என்றது. 1951இல் வைத்ததோ, லாப்புலாப்பு இங்கே படையெடுத்து வந்தவர்களை விரட்டி அவர்களின் தலைவனைக் கொன்றார் என்றது. ஒரே சாவு, பத்து வருட இடைவெளியில் இரண்டு வாசகம். நடுவில் நாடு சுதந்திரம் வாங்கியிருந்தது.

சிலைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாள் பிடித்த மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் கழுத்தில் சாந்தோ நின்யோ பதக்கம். கூட வந்த ஆசிரியையிடம், மகெல்லனைக் கொன்றவரையும் கும்பிடுகிறீர்கள், மகெல்லன் கொண்டுவந்ததையும் கும்பிடுகிறீர்களே என்று வாய்விட்டே கேட்டேன். "ஏப்ரல் 27 லாப்புலாப்பு நாள், 28 குழந்தை கிடைத்த திருநாள். நாங்கள் இரண்டுக்கும் போவோம், சார்" என்றார். நான் கேட்டதில் என்ன சிக்கல் இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

வளாகத்தை ஒட்டி வரிசையாக மீன் கடைகள். மீனை நாமே எடுத்துக் கொடுத்தால் சுட்டோ, குழம்பாகவோ, காடியில் ஊறப்போட்டுப் பச்சையாகவோ தருவார்கள். நம் களவா மீனுக்கு அங்கே பெயர் லாப்புலாப்பு. சுட்டதை வாங்குங்கள், விலையை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். பேராலயத்துக்கு வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. முட்டிக்கு மேல் ஏறும் உடை வேண்டாம். ஆடி வேண்டும் மெழுகுவர்த்திக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், எல்லாப் பெயரையும் பொறுமையாகச் சொல்லி ஆடுவார்.