வாளித் தண்ணீரைத் தெளிய வைத்த கதை: இதுவரை

டிசம்பர் மழையில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்துப் பூச்சட்டிகள் நிரம்பி வழிந்து, பக்கத்தில் இருந்த வாளியில் பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. ஊற்றப் போனபோது மகள், "அப்பா, இதைத் திரும்ப நல்ல தண்ணி மாதிரி ஆக்க முடியுமா?" என்று கேட்டாள். குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கிற தண்ணீர் வருகிற ஊரில் வளர்கிற பிள்ளை, அவளுக்கு அந்தக் கேள்வி வந்ததே எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் சனிக்கிழமைகள் இதிலேதான் போகின்றன.

முதலில் சும்மா தெளிய விட்டோம். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்தது, இலைத்தூள் மேலே மிதந்தது, அதைக் கரண்டியால் அள்ளியாயிற்று. மறுநாள் காலையிலும் பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. களிமண் துகள்தான் காரணம். 2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவுள்ள துகள் 10 சென்டிமீட்டர் இறங்கவே 8 மணி நேரம் போல ஆகும். துகள் பத்து மடங்கு சிறியதானால் நேரம் நூறு மடங்கு கூடும், அதாவது ஒரு மாதத்துக்கும் மேல்!

சரி, வடிகட்டலாம் என்று பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து ஊற்றினோம். மாற்றமே இல்லை. கோப்பிக்கடையில் கோப்பி வடிக்கிற நீளமான துணிப்பை ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதிலும் நிறம் போகவில்லை. கோப்பி வடிகட்டும் தாளில் ஊற்றியபோதுதான் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது: முதலில் இறங்கிய தண்ணீர் கலங்கலாகவே இருந்தது, போகப் போகக் கொஞ்சம் தெளிந்தது, கூடவே சொட்டும் வேகமும் குறைந்துகொண்டே வந்தது. தாளின் மேல் படிந்த சேறே இன்னொரு வடிகட்டியாக வேலை செய்கிறது! அரை மணி நேரத்தில் தாள் முழுக்க அடைத்துக்கொண்டது, கிடைத்தது ஒரு கோப்பைகூட இல்லை.

மணல் வடிகட்டியில் தவறு என்னுடையது. போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக வைத்து, வாயில் பஞ்சு, அதன் மேல் கூழாங்கல், மேலே மீன் தொட்டிக்குப் போடும் மணல் என்று அடுக்கினேன், மணலைக் கழுவவில்லை. போனதைவிடக் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. ஒன்பது முறை களைந்த பிறகுதான் மணல் சுத்தமானது. அப்போதும் களிமண் நிறம் போகவில்லை.

அப்புறம் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். "படிகாரம் போடுடா, எதுக்கு இவ்வளவு பாடு" என்றார். களிமண் துகள்கள் எல்லாவற்றுக்கும் எதிர்மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்தத் தள்ளலை அடக்கிவிடுகிறது, துகள்கள் சேர்ந்து பெரிதாகின்றன. இத்தனை நாளும் நான் துளையைச் சிறிதாக்கவே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுக்கைப் பெரிதாக்கலாம் என்று தோன்றவே இல்லை.

தேக்காவில் படிகாரம் வாங்கி, 1 கிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்தேன். அப்படிச் செய்தால் 1 மில்லியில் 10 மில்லிகிராம், அளக்கச் சுலபம். ஒரு லிட்டர் கலங்கல் தண்ணீருக்கு 5 மில்லி விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் அப்புறம் பத்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்கினோம். இந்த மெதுவாகக் கலக்குவதை யாரும் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்ததில், சேர்ந்த திரளெல்லாம் உடைந்து போயிற்று. சரியாகச் செய்தபோது பஞ்சுப் பிசிறு போல உருண்டு உருண்டு இறங்கின, மகள் கன்னத்தைப் போத்தலோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மேல்தண்ணீரை மெல்ல இறுத்து, அதே மணல் வடிகட்டியில் விட்டோம். போத்தலுக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளை எழுத்து எழுத்தாக வாசிக்க முடிந்தது.

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கிற தேற்றா மரத்து விதையான தேற்றாங்கொட்டையும் முயன்றோம். மண்சட்டியின் உள்பக்கத்தில் கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி இரவு முழுக்க அசைக்காமல் வைத்தோம். படிகாரம் அளவுக்கு வெளுக்கவில்லை, ஆனாலும் நன்றாகவே தெளிந்தது.

தெளிந்த தண்ணீரைக் குடிக்க முடியாது. கிருமி கண்ணுக்குத் தெரியாது, கரைந்தது எதுவும் இந்த வடிகட்டிகளில் நிற்காது. இதை மகளுக்குக் காட்ட, குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பைக் கரைத்தேன், கடல்நீரின் சராசரி அளவு அதுதான். எத்தனை முறை வடித்தாலும் கரித்தது. அதில் 100 மில்லியைத் தட்டில் ஊற்றித் தாழ்வாரத்தில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு நாளாகியும் ஈரம் போகவில்லை, கடைசியில் அடுப்பில்தான் வற்ற வைத்தேன். 3.5 கிராம் வர வேண்டியது, 3.2 கிடைத்தது, மீதி சட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த இங்கே 2003இல் வந்த நியூவாட்டர் முறையிலும் இந்த வரிசைதான் இருக்கிறது: முதலில் நுண்வடிகட்டி, அடுத்து உப்பைத் தடுக்கிற எதிர்ச்சவ்வூடு பரவல், கடைசியில் புறஊதாக் கதிர். அதை விளக்கியதும் மகள் கேட்டது, உப்பை எடுத்தோமே, தண்ணீரை ஏன் விட்டுவிட்டோம் என்று. அதனால் இந்தச் சனிக்கிழமை இட்லிக் கொப்பரை, மூடியைக் கவிழ்த்து மேலே ஐஸ் கட்டி, உள்ளே ஒரு கிண்ணம். ஆவி குளிர்ந்து எத்தனை மில்லி சொட்டுகிறது என்று அளந்துவிட்டு எழுதுகிறேன்.