ஈறில் ரத்தமா? மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்

பல் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் தினம் விழுங்கும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். பிரஷர், சர்க்கரை, இதயம், வலிப்பு, எதற்கான மாத்திரையாக இருந்தாலும் சரி. அந்த ஒரு அட்டை இல்லாமல்தான் நான் இவ்வளவு அலைந்தேன்.

பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம். கீழ் முன்பற்களின் இடுக்கில் ஈறு வேறு மொட்டு மொட்டாகத் தடித்திருந்தது. மருந்துக் கடையில் வழக்கமான உபசாரம்: முதலில் சப்புகிற வைட்டமின் சி மாத்திரை, அப்புறம் கம் பெயின்ட், அப்புறம் விலை கூடிய பேஸ்ட். வைட்டமின் சி அடியோடு குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் எலுமிச்சையும் நெல்லிக்காயும் புழங்குகிற வீட்டில் காரணம் பெரும்பாலும் அதுவாக இருக்காது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்குப் படிந்து, அது இறுகிக் காரையாகி, ஈறைப் புண்ணாக்குவதுதான் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம். கம் பெயின்ட் துவர்ப்பாக ஈறைக் கொஞ்ச நேரம் சுருக்கென்று பிடிக்கும், அவ்வளவுதான். காரையை அது தொடாது.

அடுத்து ஏசி போட்ட ஒரு கிளினிக். என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று எழுத ஒரு படிவம் தந்தார்கள். பிரஷர் மாத்திரை, இதயத்துக்கு ஆஸ்பிரின் என்று எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். “லேசர்ல பண்ணிடலாம் சார், வலியே இருக்காது” என்றார். ஏன் தடித்திருக்கிறது என்று கேட்டேன். “வயசு சார்.” வெளியே வந்தால் வரவேற்பில் இருந்த பெண் மாதத் தவணைக் கணக்கோடு தயாராக இருந்தார்! முன்பணம் கட்டாமல் கிளம்பினேன். காசு கொடுத்து எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டதற்கு, “அது எங்க சிஸ்டத்துலதான் சார் இருக்கு” என்று கையை விரித்துவிட்டார்கள். எக்ஸ்ரேவுக்குப் பணம் கட்டும் முன்பே பிரதி உங்கள் வாட்ஸப்புக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பிறகுதான் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஓபி சீட்டு, வரிசை, மறுபடி எக்ஸ்ரே எல்லாம் சிக்கலில்லை. ஈறுப் பிரிவில், “பிரஷர் மாத்திரை பேர் என்னங்க ஐயா?” என்று கேட்டார் முதுநிலை மாணவி. சின்னதாக, வெள்ளையாக இருக்கும் என்றேன். “அட்டையை எடுத்துட்டு வாங்க. ஆஸ்பிரினுக்கு உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டரும் வாங்கிடுங்க. சர்க்கரை ரிப்போர்ட்டும் வேணும்” என்றார். இதையெல்லாம் சீட்டுப் போடும் இடத்திலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துபோகும்? அன்றைய பொழுது போயிற்று.

அட்டையைக் காட்டியதும் விஷயம் தெளிந்தது. என் பிரஷர் மாத்திரை ஆம்லோடிபின். இது சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்குமாம், அழுக்கும் சேர்ந்தால் இன்னும் மோசம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் இதே வேலையைச் செய்யும் என்றார். “நீங்களா நிறுத்திடாதீங்க ஐயா” என்று அழுத்தமாகச் சொல்லி அனுப்பினார்.

பிரஷர் டாக்டர், “பல் டாக்டர் எனக்கு மருந்து சொல்றாரா?” என்று முகம் சுளித்தார். கல்லூரிச் சீட்டைப் படித்தபின் ஒன்றும் பேசாமல் டெல்மிசார்டான் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றி எழுதினார். காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்குக்காக ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை என்றும் கடிதம் கொடுத்தார். அந்தக் கையெழுத்தை வாங்கியதில் எனக்கு லேசரை ஜெயித்த சந்தோஷம்.

இனி ஈறை அளந்த கதை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒரு மாணவர் “த்ரீ, டூ, ஃபைவ்” என்று சொல்லிக்கொண்டே போக, இன்னொருவர் கட்டத்தில் எழுதினார். 3 வரை சரி. 4, 5 என்று போனால் அங்கே பை விழுந்திருக்கிறது, உள்ளே பிரஷ் போகாது. கடைவாய்ப் பக்கம் எனக்கு 5 நிறையவே கேட்டது. அந்த இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுரண்டினார்கள்.

கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று சொந்தத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். காரை போனதும் இடுக்கெல்லாம் இடைவெளி தெரியும், குளிர்ந்த தண்ணீர் சில நாள் கூசும். அது புது ஓட்டை இல்லை, அழுக்கு அடைத்துக்கொண்டிருந்த இடம்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு என்று கேட்டு வாங்குங்கள். பொதுவாக 2 வாரம்தான். நீண்டால் பல்லில் பழுப்புக் கறை படியும். பல் தேய்த்த உடனே கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்டில் இருக்கும் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். நாக்கில் ருசி மாறுவதற்கும் தயாராக இருங்கள், சாம்பாரில் உப்பில்லை என்று வீட்டில் சண்டை போட்டேன்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் ரொம்பக் கெடுதல். மென்மையான பிரஷை ஈறின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்கச் சொன்னார்கள். இடுக்குக்குத் தனிக் குட்டி பிரஷ்.

மறுபடி அளந்தபோது பெரும்பாலும் “டூ, த்ரீ”தான் காதில் விழுந்தது. முன்பல் ஈறு பாதிக்கு மேல் வற்றிவிட்டது. கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் ஒரே ஒரு 5 மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. 3 மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யலாமா என்று பார்ப்பார்களாம்.